கம்பிக் கதவுக்கு உள்ளே வெடித்த துப்பாக்கி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவை முதல் தாளில் தனியே எழுதப்பட்டு அதன் கீழ் என் கையொப்பமும் வாங்கப்பட்டுவிட்டது. வயது ஐம்பத்து மூன்று. திருமணம் ஆகவில்லை. பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டனர். அண்ணன் ஒருவர் வெளியூரில் குடும்பத்துடன் இருக்கிறார். நான் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் வாடகைக்குத் தனியாகக் குடியிருந்துகொண்டு, வங்கிக் கிளை ஒன்றின் கீழ்த்தளத்தில் உள்ள பாதுகாப்புப் பெட்டகப் பிரிவில் எழுத்தராக வேலை பார்த்து வருகிறேன். தற்போது பணியிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறேன். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சம்பவம் தொடர்பாக என் பெயரில் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் இருப்பதை ஆய்வாளர் எனக்குக் காட்டினார். அது மருத்துவமனையில், காலில் அறுவை சிகிச்சை முடிந்து மயக்க மருந்து தெளியாமல் நான் கிடந்தபோது எழுதப்பட்டது. கட்டிலருகே நின்ற எங்கள் கிளை மேலாளர் விவரம் சொல்ல, வந்திருந்த போலீஸ்காரர் எழுதியிருக்கிறார். இடையிடையே என்னைக் கேட்டதாகவும் நான் தலையசைத்ததாகவும் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. அந்தத் தாளில், காவலாளி கம்பிக் கதவுக்கு வெளியே நின்று விசையில் விரல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்தது என்று இருக்கிறது. அது நான் சொன்னதல்ல. நடந்ததும் அதுவல்ல. ஆகவே இன்று யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

நான் வேலை செய்யும் இடம் தரைக்குக் கீழே இருக்கிறது. மேலே கிளையிலிருந்து ஒரு மாடிப்படி இறங்கி வந்தால் ஒரு சிறு கூடம். அதில் ஒரு மேசை, ஒரு முக்காலி. அதைத் தாண்டி இரும்புக் கம்பிக் கதவு. கதவுக்கு உள்ளே மூன்று பக்கச் சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரை பெட்டகங்கள், நடுவில் என் நாற்காலி. ஜன்னல் கிடையாது. கைபேசிக்குச் சிக்னலும் கிடையாது. மேலே மழை பெய்தால் வாடிக்கையாளர்களின் குடையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். சில நாட்கள் காலையில் இறங்கினால் சாயங்காலம் ஏறும்வரை ஒருவரும் வரமாட்டார்கள். பெட்டகம் வைத்திருப்பவரையும் என்னையும் தவிர வேறு எவரும் கம்பிக் கதவைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்பது விதி. மேலாளர்கூட என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும்.

வெளியே கூடத்தில் முக்காலியில் இருப்பவர்தான் இந்த வழக்கில் எதிரியாகக் காட்டப்பட்டிருக்கும் காவலாளி. அவர் வங்கி ஊழியர் அல்ல, ஒரு தனியார் காவல் நிறுவனம் அனுப்பிய ஆள். முன்பு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். மீசையை வைத்து மேலே உள்ளவர்கள் அவரை "கர்னல்" என்று அழைப்பார்கள். அவர் கோபித்துக்கொள்ளாமல் விறைப்பாக ஒரு சலாம் வைப்பார். கூப்பிட்டவர்தான் சிரித்துக்கொண்டு போக வேண்டும். நான் அவரைக் கர்னல் என்றும் அழைத்ததில்லை, அண்ணன் என்றும் அழைத்ததில்லை. "இங்க பாருங்க" என்பேன். அவர் என்னை மேடம் என்பார்.

அவருக்கும் எனக்கும் பேச்சு உண்டா என்று ஆய்வாளர் கேட்டார். உண்டு. காலையில் நான் இறங்கியதும், "வந்துட்டீங்களா மேடம்" என்பார். நான் எதிரிலேயே நிற்பேன், இருந்தாலும் கேட்பார். மதியம் கதவுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் சாப்பிடுவோம். நான் நூலகத்திலிருந்து எடுத்து வரும் நாவல்களை அவர் படிப்பதில்லை. ஆனால் கதையைக் கேட்பார். நான் விட்ட இடத்தை மறந்திருந்தாலும் அவர் மறக்கமாட்டார். "அந்தப் பொண்ணு ரயில் ஏறினாளே, அப்புறம்?" என்பார். ஒரு முறை ஒரு கதை மோசமாக முடிந்ததைச் சொன்னபோது, "இதுக்கா இத்தன பக்கம் படிச்சீங்க? நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டு அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் இருந்தது இரட்டைக் குழல் துப்பாக்கி. காவல் நிறுவனத்தின் உடைமை. பழையது, அடிக்கட்டையில் மெருகெல்லாம் போய் வெறும் மரம் தெரியும். தினமும் காலையில் அவர் அதை நடுவில் மடக்கித் திறந்து, குழல்களை வெளிச்சத்தில் பார்த்து, மூடுவார். கையை விட்டுக் கீழே வைக்க நேர்ந்தால் தோட்டாக்களை எடுத்துவிட்டு, திறந்த நிலையிலேயே மேசைமேல் வைப்பார். எதற்கு என்று நான் கேட்டதற்கு, திறந்து கிடக்கும் துப்பாக்கி வெறும் குழாய் என்றும் மூடினால்தான் துப்பாக்கி என்றும் சொன்னார்.

சம்பவத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு காலையில் அவர் வழக்கம்போல் காலித் துப்பாக்கியைத் திறந்து மூடி, அடிக்கட்டையைத் தரையில் ஊன்றினார். அப்போது உள்ளேயிருந்து டக்கென்று ஒரு சத்தம் வந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அவர் உடனே தன் வலது கையைப் பார்த்தார். அது குழலின் மேல்பகுதியில் இருந்தது. விசைக்கும் அதற்கும் ஒரு முழ தூரம் இருக்கும்.

"மேடம், நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன். என்ன அது?"

"சுத்தியல் விழுந்துடுச்சு. நான் இழுக்கவே இல்ல."

அதன் பிறகு அவர் பல தடவை திறந்து மூடி ஊன்றிப் பார்த்தார். மறுபடி விழவில்லை. அது எப்படி விழும் என்று நான் கேட்க, அவர் கம்பிக் கதவின் தாழ்ப்பாளைக் காட்டி விளக்கினார். துப்பாக்கிக்குள்ளே ஒரு சுத்தியல் பின்னுக்கு இழுபட்டு ஒரு சின்னக் கொக்கியில் நிற்கும், விசையை இழுத்தால் கொக்கி விலகும், சுத்தியல் போய்த் தோட்டாவை அடிக்கும். கொக்கியின் முனை தேய்ந்துபோனால் யாரும் இழுக்க வேண்டாம், ஒரு தட்டுப் பட்டாலே போதும். பாதுகாப்புப் பூட்டு இருக்கிறதே என்றேன். அது விசையைத்தான் பூட்டும், சுத்தியலைப் பூட்டாது என்றார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

அன்றே அவர் மேலே போய்க் காவல் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். அதன் பிறகு நிறுவனத்தின் மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் வந்து, தலைக்கவசத்தை என் கண்முன்னே அந்த மேசையில் வைத்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கி, விசையைச் சில தடவை இழுத்துப் பார்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

"நல்லாத்தானே இருக்கு. வயசாயிடுச்சு கர்னல். துப்பாக்கிய மட்டும் சொல்லல."

அவர் சிரித்தார். காவலாளி சிரிக்கவில்லை. "மாத்திக் குடுங்க சார். இது என் கையில இருக்கறது எனக்குச் சரியாப் படல" என்றார். மேற்பார்வையாளர் பார்க்கலாம் என்று சொல்லிப் போனவர்தான். மாற்றுத் துப்பாக்கி வரவில்லை. அதன் பிறகு காவலாளி தோட்டாக்களை இடுப்பு வாரில் வைத்துக்கொண்டு துப்பாக்கியைக் காலியாகவே வைத்திருந்தார்.

அப்படி இருக்கையில் வேறொரு ஊரில் ஒரு வங்கியில் ஆட்கள் புகுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. எங்கள் மேலாளர் கீழே இறங்கி வந்து துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா என்று கேட்டார். காவலாளி இல்லை என்றும், இதில் கோளாறு இருக்கிறது என்றும் சொன்னார். அதற்கு மேலாளர், "காலித் துப்பாக்கி எதுக்கு, ஊன்றிக்கிட்டு நடக்கவா? ஏத்தி வைங்க. ஏதாவது ஆச்சுன்னா நானா பதில் சொல்றது?" என்றார். காவலாளி இடுப்பு வாரிலிருந்து தோட்டாக்களை எடுத்தார். அதன் பிறகு மேலாளர் பார்க்கவே இரண்டு தோட்டாக்களையும் போட்டு மூடினார். மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதையும் நான் சொல்லத்தான் வேண்டும். கோளாறு இருப்பது தெரிந்தே அவர் தோட்டா போட்டார்.

சம்பவத்தன்று மதியத்துக்குச் சற்று முன்னர் ஒரு முதியவர் வந்து தன் பெட்டகத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். அவருடைய பெட்டகம் மேல் வரிசையில் உள்ளது. அவர் போன பிறகு நான் நிமிர்ந்து பார்த்தபோது அதன் கதவு சரியாகப் பொருந்தாமல் துருத்திக்கொண்டிருந்தது. அப்படியே விட முடியாது. ஆகையால் மடக்கு ஏணியை விரித்து ஏறினேன். அந்த ஏணியின் ஒரு காலில் ரப்பர் கிடையாது. மாற்றித் தரும்படி பலமுறை கேட்டிருக்கிறேன். மேலே ஏறிக் கதவை அழுத்தியபோது ஏணி ஒரு பக்கமாக ஆடியது. நான் பெட்டகத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இங்க பாருங்க, கொஞ்சம் வந்து பிடிங்க" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டது நான். கம்பிக் கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை.

அவர் உள்ளே வந்தார். இத்தனை காலத்தில் அவர் அந்தக் கதவைத் தாண்டி வந்தது அதுதான் முதல் தடவை. துப்பாக்கி அவர் கையில் இருந்தது. வழக்கம்போல் தோட்டாவை எடுத்துவிட்டுத் திறந்து வைக்க அவருக்கு நேரமில்லை. ஏணி சாய்ந்துகொண்டிருந்தது. அவர் துப்பாக்கியை மூடியபடியே கதவோரச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு ஓடிவந்து ஏணியைப் பிடித்தார். "ஆடாதீங்க மேடம், பிடிச்சுட்டேன்" என்றார்.

அப்போது அவருடைய இரண்டு கைகளும் எங்கே இருந்தன என்று ஆய்வாளர் குறிப்பாகக் கேட்கிறார். நான் மேலேயிருந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை ஏணியின் வலக் காலில், இடது கை இடக் காலில். கைக்கடிகாரத்தின் கண்ணாடியில் கூரை விளக்கு தெரிந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினேன். கடைசிப் படிக்குக் காலை வைத்தபோது சுவரில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. துப்பாக்கி வழுவழுப்பான சுவரில் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் ஏணியை விட்டிருந்தால் ஒருவேளை அதை எட்டிப் பிடித்திருக்கலாம். விடவில்லை. துப்பாக்கி தரையில் விழுந்தது. விழுந்ததும் வெடித்தது.

அந்தச் சத்தத்தை என்னால் விவரிக்க முடியாது. அதன் பிறகு வெகுநேரம் எனக்குக் காது கேட்கவில்லை. கீழ் வரிசைப் பெட்டகக் கதவுகளில் ரவைகள் பட்டுக் குழிந்திருந்தன. என் இடது கால் ஏணியின் கடைசிப் படியில் இருந்தது. அதன் பிறகு அது இல்லாதது போல் இருந்தது. நான் அவர்மேல்தான் விழுந்திருக்கிறேன். அவர் என்னைத் தரையில் உட்காரவைத்து, இடுப்பு வாரை உருவி என் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

அதன் பிறகு அவர் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். துப்பாக்கியை எடுத்து, திறந்து, வெடித்த தோட்டாவையும் வெடிக்காத தோட்டாவையும் எடுத்துவிட்டு, அதைக் கம்பிக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் மேசைமேல் வைத்தார். ஏணியை மடக்கினார். திரும்பி வந்து என் முகத்தருகே குனிந்து, எனக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்து, வாயை அகலத் திறந்து சொல் சொல்லாகச் சொன்னார்.

"நான் வெளிய இருந்தேன். நீங்க உள்ள இருந்தீங்க. நான் உள்ள வரவே இல்ல. என் விரல் பட்டுடுச்சு. அவ்வளவுதான். புரியுதா மேடம்?"

எனக்குப் புரிந்தது. அவரை உள்ளே விட்டதற்கு என் வேலை போகும். வேலையோடு இன்னொன்றும் போகும். கல்யாணமாகாத ஒரு பெண்ணும் காவலாளியும் பெட்டக அறைக்குள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று மேலே ஒவ்வொரு மேசையிலும் பேசுவார்கள். அவர் அதை யோசித்திருக்கிறார். கால் கிழிந்து கிடந்த நான் யோசிக்கவில்லை.

மேலே இருந்தவர்கள் ஜெனரேட்டரில் ஏதோ வெடித்துவிட்டது என்று நினைத்துக் கொல்லைப்புறம் ஓடினார்களாம். கீழே யாரும் வரவில்லை. அவர்தான் படியேறிப்போய் ஆளைக் கூட்டிவந்தார். அவர் திரும்பி வரும்வரை நான் அங்கே தனியாக இருந்தேன். அந்த அறையில் தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று கதவுக்கு அந்தப் பக்கம் முக்காலி காலியாக இருந்தது.

மருத்துவமனையில் சேர்த்தபோது கூட இருப்பவர் யார் என்று செவிலியர் கேட்டார். வருவார்கள் என்றேன். சாயங்காலமும் கேட்டார். வருவார்கள் என்றேன். அடுத்த நாள் அவர் கேட்கவில்லை, கட்டில் அட்டையில் ஆள் இல்லை என்று எழுதியிருந்தார். அண்ணன் தொலைபேசியில், "நான் வரணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சரி, உடம்பைப் பார்த்துக்கொள் என்றார்.

அதன் பிறகு மேலாளரும் காவல் நிறுவன மேற்பார்வையாளரும் சேர்ந்து வந்தார்கள். மேலாளர், எல்லாவற்றையும் தான் சொல்லிவிட்டதாகவும் நான் ஓய்வெடுத்தால் போதும் என்றும் சொன்னார். மேற்பார்வையாளர், காவலாளியே ஒத்துக்கொண்டுவிட்டார் என்றும் துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னார்.

"எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"இழுத்துப் பாத்தோம் மேடம். போலீஸ்காரர் முன்னாடியே பாத்தோம். சேஃப்டி போட்டா டிரிக்கர் அசையல. எடுத்தா வேலை செய்யுது. எங்க ஆளுங்க கையில இதே மாதிரி எத்தனையோ இருக்கு, எதுவும் தானா வெடிச்சதில்ல. துப்பாக்கி என்ன பண்ணும், பாவம்? விரல் பண்றது."

காவலாளி ஏன் துப்பாக்கியை மாற்றிக் கேட்டார், நீங்கள் ஏன் எண்ணெய் விட்டீர்கள் என்று நான் கேட்டேன். மேற்பார்வையாளர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஜன்னலைச் சாத்தப் போனார்.

அதற்கு அடுத்த நாள் காவலாளியின் மனைவி வந்தார். எனக்கு அவரைத் தெரியாது. வாசலில் நின்று ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தவர், யாரும் அருகில் இல்லாத கட்டிலாகப் பார்த்து என்னிடம் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன.

"நீங்கதான லாக்கர் மேடம்?"

ஆமாம் என்றேன்.

"சொல்வாரு. நீங்க படிக்கற கதையெல்லாம் எனக்கும் தெரியும். சாயங்காலம் வந்து எங்கிட்ட சொல்லணும் அவருக்கு. பாதியில நிறுத்திட்டு, மீதி நாளைக்கு, மேடம் இன்னும் படிக்கலம்பாரு." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அக்கா, நான் ஒண்ணு கேக்கறேன். அவர் வீட்ல கத்திரிக்கோலக்கூட கையில நீட்ட மாட்டார். கீழ வெச்சிட்டு எடுத்துக்கோம்பாரு. அந்த மனுஷன் டிரிக்கர்ல விரல் வெச்சு விளையாடினாராம். எங்கிட்டயும் அதையேதான் சொல்றார். செவுத்தப் பாத்துக்கிட்டுச் சொல்றார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்கிட்ட செவுத்தப் பாத்துப் பேசினதில்ல."

அவர் ஒரு பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக என் கையில் கொடுத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். அதன் பிறகு எழுந்து, "கால் சரியாகட்டும். நீங்க என்னைக்கு நிக்கறீங்களோ அன்னைக்குச் சொல்லுங்க. நான் அவசரப்படல. அவர்தான் உள்ள இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு அனுப்பப்பட்ட அன்று ஆட்டோவில் தனியாக வந்தேன். மாடி வாசலில் செய்தித்தாள்கள் குவிந்து கிடந்தன. கீழ்வீட்டு அம்மாள் எட்டிப்பார்த்து, ஊருக்குப் போயிருந்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து ஒவ்வொரு படியாகப் பின்புறமாக ஏறினேன். அதன் பிறகு மேலாளருக்குத் தொலைபேசி செய்து, நான் கூப்பிட்டுத்தான் காவலாளி உள்ளே வந்தார், அதை ஆய்வாளரிடம் சொல்லப்போகிறேன் என்றேன்.

"யோசிச்சுக்கோங்க. அவர் உள்ள எதுக்கு வந்தார்னு கேப்பாங்க. கதவு சாத்தியிருந்துதான்னு கேப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"கேக்கட்டும் சார். சாத்தித்தான் இருந்துது. அதையும் சொல்லிடறேன்."

அதன் பிறகு நான் எழுதிக் கொடுத்த மனுவின் பேரில், ஆய்வாளர் என்னையும் காவலாளியையும் மேற்பார்வையாளரையும் கீழ்த்தளத்துக்கு அழைத்தார். ஆயுதப் பரிசோதகர் ஒருவரும் துப்பாக்கியோடு வந்திருந்தார். காவலாளி மெலிந்திருந்தார். மீசையை எடுத்துவிட்டிருந்தார். ஒரு போலீஸ்காரர் அவர் தோளருகே நின்றார். என்னைப் பார்த்ததும் காவலாளி, "நீங்க எதுக்கு மேடம் படியெல்லாம் இறங்கிக்கிட்டு" என்றார். பேசக் கூடாது என்றார் போலீஸ்காரர்.

நான் நடந்ததைச் சொன்னேன். ஏணி இருந்த இடத்தையும் சாய்த்து வைத்த சுவரையும் காட்டினேன். பரிசோதகர் கீழ் வரிசைக் கதவுகளில் இருந்த குழிகளுக்கு நூல் பிடித்துப் பார்த்து, வெளியே நின்று சுட்டால் ரவை இந்த மட்டத்தில் படாது, தரையோடு தரையாகக் கிடந்துதான் வெடித்திருக்க வேண்டும் என்றார். அதன் பிறகு காலித் துப்பாக்கியை மூடி, பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, விசையை இழுத்தார். அசையவில்லை. மேற்பார்வையாளர் தலையாட்டினார். பரிசோதகர் அடிக்கட்டையைத் தரையில் தட்டினார். ஒன்றும் இல்லை. நான் சொன்னபடி சுவரில் சாய்த்து, தரையில் ஒரு கோணிப்பையை விரித்து, அதைச் சறுக்கி விழவிட்டார். ஒன்றும் இல்லை. மறுபடி விழவிட்டார். ஒன்றும் இல்லை. மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கோணிப்பையை எடுத்துவிடச் சொன்னேன், அன்று தரையில் அது இல்லை. பரிசோதகர் எடுத்துவிட்டு மறுபடி சறுக்கவிட்டார்.

விழுந்ததும் உள்ளே சுத்தியல் அடித்தது. பூட்டு போட்டபடியே இருந்தது. காவலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

பரிசோதகர் அங்கேயே மேசையில் துப்பாக்கியின் பக்கத்தகட்டைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஆய்வாளரையும் பார்க்கச் சொன்னார். கொக்கியின் முனை ஆற்றுக் கூழாங்கல் மாதிரி உருண்டுபோயிருக்கிறது என்றார். அதன் பிறகு பரிசோதகர் காவலாளியைப் பார்த்துக் கேட்டார்.

"இதுல சுத்தியல் தானா விழும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் தோட்டா போட்டு, மூடின துப்பாக்கிய செவுத்துல சாய்ச்சு வெச்சீங்க."

"ஆமா சார். நான்தான் வெச்சேன்."

"துப்பாக்கிமேலயும் தப்பு இருக்கு, உங்கமேலயும் இருக்கு. ஒண்ணு இருக்கறதால இன்னொண்ணு இல்லன்னு ஆயிடாது. நான் ரெண்டையும்தான் எழுதுவேன்."

"எழுதுங்க சார்," என்றார் காவலாளி. முதல் தடவையாக நிமிர்ந்து நின்று சொன்னார்.

மேற்பார்வையாளர் தனக்கு யாரும் எந்தப் புகாரும் சொல்லவில்லை என்றார். நான் அவருடைய தலைக்கவசம் இருந்த இடத்தைக் காட்டி, எண்ணெய் விட்டதையும் அவர் சொன்ன வேடிக்கையையும் அவர் சொன்னபடியே சொன்னேன். அன்று மாலையே அந்த நிறுவனத்தின் மற்ற காவலாளிகளிடம் இருந்த அதே வகைத் துப்பாக்கிகளை வாங்கிச் சோதிக்க ஆய்வாளர் ஏற்பாடு செய்தார். அவற்றில் மேலும் சிலவற்றில் இதேபோல் சுத்தியல் விழுந்ததாக இன்று எனக்குச் சொல்லப்பட்டது.

மறுநாள் வங்கியிலிருந்து ஆள் வந்து பணிநிறுத்த உத்தரவைக் கொடுத்தார். விதியை மீறி வெளியாளைப் பெட்டக அறைக்குள் அனுமதித்தது காரணம். அது உண்மை. கையொப்பமிட்டு வாங்கிக்கொண்டேன். வேறு பேச்சுகளும் பேசப்படுவதாக மேலே வேலை செய்யும் ஒரு பெண் அக்கறையோடு தொலைபேசியில் சொன்னார். என்ன பேச்சு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

காவலாளி இப்போது பிணையில் வெளியே இருக்கிறார். வேண்டுமென்றோ விளையாட்டாகவோ சுட்டதாகச் சொல்லப்பட்ட பகுதி நீக்கப்படும் என்றும், கவனக்குறைவு மட்டும் அவர்மேல் நிற்கும் என்றும், மேலாளரும் மேற்பார்வையாளரும் தனியே விசாரிக்கப்படுவார்கள் என்றும் ஆய்வாளர் சொன்னார். நான் சாட்சி, அவர் எதிரி. ஆகையால் வழக்கு முடியும்வரை அவரோடு நேரிலோ தொலைபேசியிலோ பேசக் கூடாது என்றும் சொன்னார். எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவருடைய தொலைபேசி எண் என்னிடம் இருந்ததே இல்லை என்று சொன்னேன். தேவைப்படவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்.

இப்போது பகலில் வீட்டில் இருக்கிறேன். நூலகத்திலிருந்து எடுத்த ஒரு நாவல் பாதியில் இருக்கிறது. மேலே படிக்கவில்லை.

இதையெல்லாம் ஆய்வாளர் எழுதி முடித்து, இன்று மதியம் எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார். கேட்டேன். நான் பார்த்ததும் என் காதால் கேட்டதும் இதில் உள்ளன, பாராத எதையும் நான் சேர்க்கவில்லை, எவருக்கும் அஞ்சியோ எவருக்காகவோ எதையும் விடவில்லை. கடைசியில், எதிரிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு நேரே, உறவும் இல்லை, பழக்கமும் இல்லை என்று எழுதப்பட்டிருந்தது. அப்படி எழுதுவது எனக்கு நல்லது என்று ஆய்வாளர் சொன்னார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்து, உறவு இல்லை, பழக்கம் உண்டு என்று என் கையால் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டேன். அந்தத் திருத்தத்துடன் சேர்த்து இவை அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)